வாக்குமூலமாகத் தொடங்கிய நாவல்

சாட்சிக் கூண்டில் ஏறுகிறவரிடம் முதலில் பெயர் கேட்பார்கள். அடுத்து தகப்பனார் பெயர், வயது, தொழில், இருக்கும் ஊர். ஒரு காலத்தில் சாதியையும் சேர்த்தே எழுதிக்கொள்வார்கள். இவ்வளவும் ஆன பிறகுதான், நடந்ததைச் சொல்லுங்கள் என்பார்கள். ஒரு பாகப்பிரிவினைத் தாவாவுக்காக வாய்தா வாய்தாவாக அலைந்த வருஷங்களில் இந்த வரிசையை எத்தனையோ தடவை காதில் வாங்கியிருக்கிறேன். யார் ஏறினாலும் வரிசை மாறாது. தட்டச்சு செய்பவரின் விரல்கள் அடுத்த கேள்விக்கு முன்னாலேயே அந்தக் கட்டத்துக்குப் போய்விடும்.

அந்தக் காதோடு ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தின் முதல் பக்கத்தைப் படித்துப் பாருங்கள். கதை சொல்பவன் ‘நான்’ என்று தன்னை நிறுத்திக்கொள்கிறான். இங்கிலீஷ்காரர் ஆட்சி இந்தத் தேசத்தில் ஏற்பட்டுச் சில காலம் ஆனபின் பிறந்ததாகக் காலத்தைச் சொல்கிறான். ஊர் சத்தியபுரி. குலம் தொண்டைமண்டல முதலிமார். பாட்டனார் நவாபிடம் திவானாக இருந்தவர். சொத்து வந்த வழி அது. பிறகே கதை. 1879-ல் அச்சான இந்த நூலை எழுதியவர், பதினைந்து வருஷம் நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்களின் வாக்குமூலங்களைக் கேட்டு எழுதிய ஜில்லா முன்சீப் வேதநாயகம் பிள்ளை.

தமிழின் முதல் நாவல் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் இந்த நூலைப் பற்றி மூன்று விதமான கருத்துகள் நெடுங்காலமாக இருந்து வருகின்றன. ஆங்கில நாவலைப் பார்த்துச் செய்த நகல் என்பது ஒன்று. விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராஜன் கதை வகையறாவுக்குப் புதுச்சட்டை போட்டது என்பது இன்னொன்று. நாவலே அல்ல, கதை என்ற சாக்கில் உபதேசம் என்பது மூன்றாவது. மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. தமிழில் வசன நூல்கள் இல்லாத குறையைத் தீர்க்க எழுதியதாக ஆசிரியரே முன்னுரையில் சொல்கிறார். ஆங்கிலத்தைப் படித்தவருக்குத்தான் அந்தக் குறை அப்படி உறுத்தும். யானை மாலை போட்டு ராஜாவைத் தேர்ந்தெடுப்பதும், பெண் ஆண்வேடம் பூண்டு அரசாள்வதும் பாட்டி கதைகளில் வருபவை. உபதேசத்துக்கோ பஞ்சமே இல்லை. ஆனால் இந்த மூன்று சரக்கும் ஒரே மனிதரிடம் எப்படிச் சேர்ந்தன என்ற கேள்வியை இந்தக் கருத்துகள் தொடுவதில்லை. அவர் வளர்ந்த வளர்ப்பையும் பார்த்த உத்தியோகத்தையும் வைத்துப் பார்த்தால் பாதி விளங்கிவிடும் என்பது என் கட்சி.

வேதநாயகம் பிள்ளை 1826 அக்டோபர் 11-ல் திருச்சிக்குப் பக்கத்தில் குளத்தூரில் ஒரு கத்தோலிக்க வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். (தஞ்சை சரபோஜி காலத்து வேதநாயக சாஸ்திரியார் வேறு. அவர் புராட்டஸ்டண்டு, கீர்த்தனக்காரர். இருவரையும் ஒருவராக்கிப் பேசும் சொற்பொழிவுகளை நானே கேட்டிருக்கிறேன்.) திண்ணைப் படிப்புக்குப் பிறகு அவர் போய்ச் சேர்ந்தது தியாகப் பிள்ளை என்பவரிடம். தியாகப் பிள்ளை திருச்சி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். ஆங்கிலமும் தமிழும் ஒரே ஆசிரியரிடம், அதுவும் இரண்டையும் தினமும் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றிப் பிழைக்கிற ஒருவரிடம். பிற்காலத்து நாவலாசிரியருக்கு இதைவிடப் பொருத்தமான பள்ளிக்கூடம் அமைந்திருக்க முடியாது. 1848-ல் அதே நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளர், 1850-ல் மொழிபெயர்ப்பாளர்.

அந்த வேலையின் தன்மையைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அந்தக் காலத்துப் புலவர் ஒருவருக்குத் தமிழ் என்றால் செய்யுள். அந்தாதி, கோவை, தலபுராணம். வசனம் என்றால் உரை எழுதுகிற வசனம், ஒரு பாட்டின் முதுகில் ஏறிப் போவது. கோர்ட்டு மொழிபெயர்ப்பாளரிடம் வருவதோ வேறு சரக்கு. வரப்பை வெட்டிவிட்டான், மடையை அடைத்துவிட்டான், அடமானப் பத்திரத்தில் கையெழுத்து என்னுடையதில்லை, தம்பி பெண்டாட்டி நகையைக் கொடுக்கவில்லை. இதையெல்லாம் யார், எப்போது, எங்கே, ஏன் என்ற ஒழுங்கில் வெள்ளைக்கார நீதிபதிக்குப் புரிகிறபடி கொடுக்க வேண்டும். ஆங்கிலத் தீர்ப்பைத் தமிழில் கொண்டுவரும்போது, தோற்றவனுக்கும் ஏன் தோற்றோம் என்று புரிய வேண்டும். சாதாரண மனிதர்களின் சாதாரண விவகாரத்தைச் சொல்லத் தமிழ் வசனத்தை அன்றாடம் வளைத்துப் பழகிய கை அது.

வாக்கியத்தில் வந்து விழும் சொற்களும் ஒரு மாதிரியானவை. வக்கீல், வாய்தா, ஜப்தி, தாவா, பைசல் எல்லாம் அரபியும் பாரசீகமும் நமக்குக் கொடுத்தவை. முன்சீப் என்பதும் நியாயம் செய்பவர் என்று பொருள்படும் அரபுச் சொல். தஞ்சை அரண்மனைக் கணக்குகள் மோடி எழுத்தில் மராத்தி. அதன்மேல் டிக்ரியும் அப்பீலும். இத்தனைக்கும் நடுவில் தமிழ் பேசும் குடியானவன் நிற்கிறான். நாவலின் நடையில் வடமொழியும் உருதும் கலந்து கிடப்பதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. எனக்கு அது அந்தக் கோர்ட்டுத் தாழ்வாரத்தின் சத்தமாகவே கேட்கிறது.

1857-ல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். வடக்கே சிப்பாய்க் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த வருஷம். தரங்கம்பாடியை டேனிஷ்காரர்கள் ஆங்கிலேயருக்கு விற்று அப்போது பன்னிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. ஆண்வாரிசு இல்லை என்று சொல்லித் தஞ்சை ராஜ்யத்தைக் கும்பெனி எடுத்துக்கொண்டு இரண்டே வருஷம். (மேடைகளில் அவரை முதல் இந்திய நீதிபதி என்கிறார்கள். சென்னை மாகாணத்தில் ஜில்லா முன்சீப் பதவி 1816-லேயே உண்டாகி, அதில் நம்மவர்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பட்டம் இல்லாமலே அவர் பெரியவர்.) பிறகு சீர்காழி, கடைசியாக மாயூரம். 1872-ல் ஓய்வு. மாயூரத்திலேயே தங்கி நகரசபைத் தலைவராகவும் இருந்தார். 1889 ஜூலை 21-ல் காலமானார்.

அவர் முன்சீப்பாக இருந்த அதே காலத்தில்தான் சட்டமே புதிதாக எழுதப்பட்டது. 1859-ல் சிவில் நடைமுறைச் சட்டம், 1860-ல் இந்திய தண்டனைச் சட்டம், 1862-ல் சென்னை உயர் நீதிமன்றம். அதற்கு முன் இருந்த சதர் நீதிமன்றம் 1805 முதல் 1861 வரை சொன்ன தீர்ப்புகளை அவர் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்ற பெயரில் தமிழில் தொகுத்தார். இதைச் செய்யும்படி எந்த மேலதிகாரியும் சொன்னதாகத் தெரியவில்லை. தன் நாற்காலிக்கு முன்னால் நிற்கிறவனுக்குத் தன்னைக் கட்டும் விதி தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்த ஒருவரின் வேலை அது. நாவலை அதற்குப் பிந்தின படி என்று வைத்துக்கொண்டால், வசனத்தை அவர் எதற்காக விரும்பினார் என்பது பிடிபடும்.

நாவலை வாசிக்கும்போது பலரையும் சலிக்க வைப்பது உபதேசம். எனக்கும் சலிப்புதான், ஒரு பாத்திரம் வாயைத் திறந்தால் ஒரு பக்கத்துக்கு மூடாது. ஆனால் ‘நீதி’ என்ற சொல்லைத் தமிழில் யோசித்தால் விஷயம் வேறு மாதிரி தெரிகிறது. கோர்ட்டில் வழங்குவதும் நீதி, ஆத்திசூடி சொல்வதும் நீதி. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு சொல் உண்டு, நமக்கு ஒன்றே. வேதநாயகம் பிள்ளை இரண்டையும் ஒரே நாற்காலியில் வைத்திருந்தவர். முன்சீப் ஆன இரண்டாவது வருஷமே, 1859-ல், ‘நீதிநூல்’ என்ற செய்யுள் நூலை வெளியிட்டார். பகலில் கைக்கூலி வாங்கினவன் வழக்கைக் கேட்டுவிட்டு இரவில் கைக்கூலியைக் கண்டித்துப் பாட்டெழுதுகிற மனம். அந்த மனம் நாவல் எழுதினால் கதாபாத்திரங்கள் தீர்ப்புரை வாசிக்காமல் வேறென்ன செய்யும்?

கத்தோலிக்கர் என்பதையும் மறந்துவிட முடியாது. இந்த வட்டாரத்தில் நூறு வருஷத்துக்கு முன்பே வீரமாமுனிவர் பரமார்த்த குருவின் கதையை வசனத்தில் எழுதிவிட்டுப் போயிருந்தார். கதையை வசனத்தில் சொல்லலாம், சிரிக்கவும் வைக்கலாம் என்பது அவருடைய சபையின் மரபிலேயே இருந்தது. நூலில் சிரிக்க வைக்கும் இடங்கள் நிறையவே உண்டு. பணக்கார வீட்டுச் செல்லப்பிள்ளை பிரதாபன் பாடம் தப்பினால் அடி அவனுக்கு விழாது. கூடப் படிக்கும் உபாத்தியாயர் மகன் கனகசபைக்கு விழும். இந்த ஏற்பாட்டைப் பிரதாபனே கூச்சமில்லாமல் சொல்லிக்கொண்டு போகிறான். அங்கே உபதேசம் ஒரு வரி கூடக் கிடையாது. மிராசுதார் வீட்டு அநியாயம் முழுக்கத் தெரிந்துவிடுகிறது. நூல் முழுவதும் இப்படி இருந்திருந்தால் என்று ஏங்க வைக்கும் இடம்.

இன்னொரு பக்கம் சைவ மடம். கும்பகோணத்திலிருந்து மாயூரம் போகும் வழியில் திருவிடைமருதூர், ஆடுதுறை தாண்டி நரசிங்கம்பேட்டைக்குப் பக்கத்தில் திருவாவடுதுறை. இன்றைக்கு பஸ்ஸில் ஜன்னல் பக்கம் கண்ணயர்ந்தால் தவறிப்போகும் ஊர். அன்றைக்குத் தமிழ்ப் படிப்பின் தலைநகர். ஆதீனகர்த்தர் சுப்பிரமணிய தேசிகர் முன்சீப்பின் நண்பர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவரைத் தலைவனாக வைத்துக் ‘குளத்தூர்க் கோவை’ பாடினார். சைவ மடத்துப் புலவர் ஒரு கிறிஸ்தவ அதிகாரிமேல் அகப்பொருள் கோவை பாடுகிறார், அதில் யாருக்கும் விகல்பம் தோன்றவில்லை. வேதநாயகம் பிள்ளை தன் பங்குக்கு 1878-ல் ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்’ எழுதினார். நாவலின் நாயகன் இந்து, நாவலில் வரும் கடவுளுக்குப் பெயரில்லை. இந்த மடத்துத் திண்ணையில் பழகிய பழக்கம் அது என்று நினைக்கிறேன்.

ஞானாம்பாளைப் பற்றிச் சொல்லாமல் இந்த நூலைப் பற்றிப் பேச முடியாது. பிரதாபன் பேருக்குத்தான் நாயகன். புத்தியும் துணிச்சலும் அவளிடம். கணவனைத் தேடி ஆண்வேடத்தில் போனவள் விக்கிரமபுரிக்கு ராஜாவாகி, வழக்குக் கேட்டு, அதிகாரிகளின் அக்கிரமத்தை அடக்கி, ஊரைச் சீராக்குகிறாள். நூல் எழுதப்பட்டது 1876-ல் என்பார்கள். 1877 முதல் நாளில் விக்டோரியா இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று டில்லியில் பறைசாற்றினார்கள். இரண்டையும் சட்டென்று முடிச்சுப் போட்டுவிட வேண்டாம். அல்லி அரசாணி மாலை கேட்டு வளர்ந்த ஊருக்குப் பெண் அரசாள்வது புதிதல்ல. ஞானாம்பாளின் வேர் பக்கத்திலேயே இருக்கிறது. 1869-ல் அவர் ‘பெண்மதி மாலை’ எழுதினார். மாயூரத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார். சொத்து வழக்குகளில் விதவைகளும் இளைய தாரங்களும் கைநாட்டு வைத்து ஏமாந்ததை அன்றாடம் பார்க்கிற முன்சீப்புக்குப் பெண்படிப்பு மேடைப் பேச்சாக இருந்திருக்காது. படித்த பெண் எப்படி இருப்பாள் என்று காட்ட அவருக்கு அந்தக் காலத்து மாயூரத்தில் ஆள் அகப்படவில்லை. அதனால் கதையில் உண்டாக்கினார். அரியணை வரை ஏற்றியும் பார்த்தார்.

இது மாயூரத்தோடு நிற்கிற கதையில்லை. வங்காளத்தில் ‘துர்கேச நந்தினி’யை 1865-ல் எழுதிய பங்கிம் சந்திரர் டிப்டி மாஜிஸ்திரேட். மலையாளத்தில் 1889-ல் ‘இந்துலேகா’ எழுதிய சந்து மேனன் பரப்பனங்காடியில் முன்சீப். அதிலும் கதையை நிறுத்திவிட்டு மதம், இங்கிலீஷ் படிப்பு, காங்கிரஸ் என்று ஓர் அத்தியாயம் நீளமாகப் பேசுகிறார்கள். நம்மவரின் வியாதி அவருக்கும் இருந்தது. ஒருவரை ஒருவர் பார்த்து எழுதியவர்கள் இல்லை. மூன்று கடலோரத்தில் மூன்று நீதிபதிகள். வீட்டுக்குள் நடப்பது வெளியே வந்து, ஒழுங்காகச் சொல்லப்பட்டு, காரணம் கேட்கப்பட்டு, எழுத்தில் ஏறுகிற இடம் அன்றைய இந்தியாவில் கோர்ட்டு ஒன்றுதான். நாவலுக்கு வேண்டியதும் அவ்வளவுதானே.

இங்கிலாந்திலும் கோர்ட்டுக்கும் நாவலுக்கும் உறவு உண்டு. சார்லஸ் டிக்கன்ஸின் தகப்பனார் 1824-ல் கடனுக்காக மார்ஷல்ஸீ சிறைக்குப் போனார். பன்னிரண்டு வயதுப் பையன் காலணி மை டப்பாவுக்கு லேபிள் ஒட்டும் வேலைக்குப் போனான். பிறகு வக்கீல் குமாஸ்தா, கோர்ட்டில் சுருக்கெழுத்தாளர். 1852-ல் தொடராக வரத் தொடங்கிய ‘ப்ளீக் ஹவுஸ்’ நாவலில் ஒரு வழக்கு தலைமுறை தலைமுறையாக இழுத்து, கடைசியில் சொத்து முழுவதையும் கோர்ட்டுச் செலவே தின்றுவிடுகிறது. டிக்கன்ஸ் மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றவர். அவர் கண்ணில் கோர்ட்டு மூடுபனி. வேதநாயகம் பிள்ளை மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவர். நல்ல நீதிபதி ஒருவர் வந்துவிட்டால் எல்லாம் நேராகிவிடும் என்று அவர் நம்பினார். ஞானாம்பாளின் ராஜ்யம் ஒரு நேர்மையான முன்சீப் கண்ட கனவு. அந்தக் கனவின் அழகும் குறையும் அந்த நாற்காலியிலிருந்தே வருகின்றன.

குறை எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாவல் எழுதின கையோடு தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை. காவிரிப் பாசனத்தால் தஞ்சை ஜில்லா ஓரளவு தப்பியது. தப்பிய ஜில்லாவைத் தேடி மற்ற ஊர்களின் பசித்த ஜனங்கள் வந்தார்கள். வேதநாயகம் பிள்ளை கஞ்சித் தொட்டி வைத்தார், தன் சொத்தைக் கரைத்தார். அதைப் பார்த்து மனம் நெகிழ்ந்து கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து கீர்த்தனை பாடினார். இத்தனை ஈரமுள்ளவர் எழுதிய நூலில் மனதில் தங்கும் ஒரு பண்ணையாள் கிடையாது. நாற்றுக்கட்டு தூக்குகிறவள், சேற்றில் நிற்கிறவன், வாரம் அளக்க முடியாதவன் ஒருவரும் இல்லை. சத்தியபுரியில் காவிரி ஓடுவதாக எனக்கு ஒரு தடவையும் தோன்றியதில்லை. குற்றம் அவருடைய நெஞ்சில் இல்லை என்றே சொல்வேன். சிவில் கோர்ட்டுக்குச் சொத்து உள்ளவன்தான் வருவான். நிலம் இல்லாதவனுக்கு வரப்புத் தகராறு ஏது? அவனுடைய விவகாரம் மிராசுதார் களத்திலேயே, புளிய விளாறால் பைசலாகிவிடும்.

அவருடைய நண்பர் கோபாலகிருஷ்ண பாரதியார் அதே மாயூர வட்டாரத்தில் இருந்துகொண்டு ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’யைச் செய்திருந்தார். பெரியபுராணத்தில் இல்லாத ஆண்டையை, வேதியர் என்ற பெயரில், அவர்தான் கொண்டுவந்து நிறுத்தினார். நடவு முடிக்காமல் சிதம்பரம் போகக் கூடாது என்கிற ஆண்டை. கதாகாலட்சேபக்காரர் தெருவில் நடந்து, களத்தில் கேட்டதைப் பாடினார். நாவலாசிரியர் நாற்காலியிலிருந்து கேட்டதை எழுதினார். கும்பகோணத்தில் வளர்ந்த இந்திரா பார்த்தசாரதி, கீழவெண்மணியில் பண்ணையாட்கள் எரித்துக் கொல்லப்பட்டதை வைத்து ‘குருதிப்புனல்’ எழுதியது 1975-ல். பிரதாப முதலியாருக்கும் அதற்கும் நடுவே ஏறக்குறைய நூறு வருஷம்.

பிற்பாடு வந்த ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ கலையில் இதைவிட மேல் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அதில் ஊர் இருக்கிறது, வம்பு இருக்கிறது, மனிதர்கள் மனிதர்களாகப் பேசுகிறார்கள். ஆனால் வசனத்தில் ஒரு நீண்ட கதையைத் தூக்கிச் சுமக்கலாம் என்று காட்ட முதலில் ஒருவர் வேண்டியிருந்தது. 1887-ல் வந்த ‘சுகுண சுந்தரி’யில் வேதநாயகம் பிள்ளையே கொஞ்சம் களைத்துத் தெரிகிறார்.

காவிரிக்கரைக்காரனாக இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. 1880-ல் கும்பகோணத்துக்கு ஒரு முன்சீப் மாற்றலாகி வந்தார்: சேலம் இராமசுவாமி முதலியார். அப்போதுதான் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் இடத்துக்கு வந்திருந்த உ.வே. சாமிநாதையர் அவரைப் பார்க்கப் போனார். படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் அவர் அடுக்க, முன்சீப் அசையவில்லை; சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து பிறந்த பதிப்பு 1887-ல் வந்தது, சுகுண சுந்தரி வந்த அதே வருஷம். முப்பது, நாற்பது கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு முன்சீப்புகள். ஒருவர் புதிய வசனத்தைத் தொடங்கி வைத்தார், இன்னொருவர் பழைய காவியத்தைத் தோண்டியெடுக்கச் சொன்னார். காவிரிக்கரைக் கோர்ட்டுகளுக்கு ஜப்தி, டிக்ரி தவிர இந்தக் கணக்கும் உண்டு.

நாவலின் கடைசிப் பகுதியில் ஓர் இடம். தமிழ்நாட்டுக் கோர்ட்டில், தமிழ் தெரிந்த நீதிபதி முன்னால், தமிழ் தெரிந்த வக்கீல் ஆங்கிலத்தில் வாதாடுவதைக் கேலி செய்து, வழக்கு யாருடையதோ அவனுக்கு ஒன்றும் புரியாமல் நிற்பதைச் சொல்லி, விவகாரம் தமிழில் நடக்க வேண்டும் என்று கேட்கிறார். உபதேசம்தான், ஆனால் சலிக்காத உபதேசம். ஏனென்றால் அந்தக் காட்சியைத் திருச்சியிலும் தரங்கம்பாடியிலும் மாயூரத்திலும் தன் கண்ணால் பார்த்தவர் பேசுகிறார். மொழிபெயர்ப்பாளராகப் பிழைப்பைத் தொடங்கியவர், மொழிபெயர்ப்பாளரே தேவைப்படாத கோர்ட்டைக் கேட்கிறார்.

கீழ்க்கோர்ட்டுகளில் இன்று சாட்சியத்தைத் தமிழில் எழுதுகிறார்கள், தீர்ப்பும் தமிழில் சொல்ல முடிகிறது. உயர் நீதிமன்றத்திலும் தமிழ் வேண்டும் என்று தமிழ்நாடு சட்டப்பேரவை 2006-ல் தீர்மானம் நிறைவேற்றியது. அங்கே தீர்ப்பு இன்னும் ஆங்கிலத்தில்தான் எழுதப்படுகிறது.